கூடித் தொழில் புரியும் புரதங்கள்



யாம் இரயில்வே குமாஸ்தா; மெட்ரிக் வரையே கற்றோம். ஆயினும் குருதிக்குள் நிகழும் ஒரு கூட்டுப்பணியைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

நம் உடலில் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எனினும், செங்குருதியணுவாக வளரும் அணுவே ஹீமோகுளோபினை மிகுதியாக ஆக்குகிறது. காரணம் யாது? எம்மரபணுவைப் படியெடுப்பது, எதனை மூடிவைப்பது என்பதைப் புரதக் கூட்டங்களே முடிவு செய்கின்றன. வண்டி புறப்பட ஓட்டுநர் ஒருவர் போதாது; ஸ்டேஷன் மாஸ்டரின் அனுமதி, கைகாட்டி, கார்டின் பச்சைக்கொடி ஆகிய யாவும் இசைதல் வேண்டும். அவ்வாறே காட்டா-1, டால்-1, எல்.எம்.ஓ.-2, எல்.டி.பி.-1 என்னும் புரதங்கள் ஒன்றுகூடி, மரபிழையில் ஏறத்தாழ 50,000 எழுத்துகளுக்கு அப்பாலுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியை வளைத்துப் பீட்டா குளோபின் மரபணுவின் அருகே கொணர்கின்றன. அப்போதுதான் படியெடுக்கும் வேலை விரைவுறுகிறது.

மூடுவதும் கூட்டுப்பணியே. கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபினில் இருப்பது காமா குளோபின். பிறப்பை ஒட்டி, பி.சி.எல்.11ஏ என்னும் புரதம் நூர்டு என்னும் புரதக் கூட்டத்தின் துணையோடு காமா மரபணுவை அடக்கிவிடுகிறது. பீட்டா மரபணுவில் பழுதுற்ற குழந்தைக்குச் சில திங்களில் துன்பம் தொடங்குகிறது. அரிவாளணு நோயும் பீட்டா தாலசீமியாவும் இத்தகையனவே. முன்னதன் கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் உண்டென்பதை லேமன், கட்புஷ் ஆகிய இருவர் 1952-இல் வெளியிட்டனர். பின்னது கடுமையாயின், சில வாரங்களுக்கொரு முறை பிறர் குருதி ஏற்றியே குழந்தையைக் காக்க வேண்டும்.

அடக்கும் கூட்டத்தின் தலைமைப் புரதத்தைக் குருதி மூலவணுக்களில் குறைத்தால், கருக்கால ஹீமோகுளோபின் மீளும் அன்றோ? இந்நெறியில் அமைந்த மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் இசைவளித்தது. நம் தில்லியிலுள்ள ஐ.ஜி.ஐ.பி. ஆய்வுக்கூடத்தாரும் அரிவாளணு நோய்க்கு மரபணுத் திருத்த முறையில் உழைத்து வருகின்றனர். எனினும், பிரிட்டன் ஏற்ற அச்சிகிச்சையின் விலை சம்பளக்காரர் கைக்கு எட்டுவதன்று.

ஆனால் தடுப்பு எட்டும். பழுதைத் தாங்கியவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். தாம் தாங்கியோர் என்பதையும் அறியார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோயுற்ற குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அத்தை மகன், மாமன் மகள் என உறவில் மணம் முடிக்கும் நாம் இதனை மறத்தலாகாது. ஆதலின், சாதகம் பார்க்கும் இல்லங்களில் ஒரு குருதிச் சோதனையும் நிகழ்க என வேண்டி அமைகின்றோம்.