காணி அவளுடையது, கையொப்பம் அவனுடையதா?

(தெல்லிப்பழையில் மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மகளுக்குச் சீதனம் எழுதுவது நம் வழக்கம். செம்மண் தோட்டத்தில் இத்தனை பரப்பு என்று அவள் பெயருக்கே உறுதி முடிக்கிறோம். பெயர் அவளுடையது, அதிகாரம் யாருடையது?

1707இல், ஒல்லாந்தர் ஆட்சியிலே, கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். அதனைப் பார்வையிட்டுச் சரியென்றோர் பன்னிரு முதலியார்கள். அவர்களுள் ஒரு பெண்ணும் இல்லையென்று சொல்லவும் வேண்டுமோ? பின்னர், 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. மரணசாசனம் எழுதுவதற்கோ அச்சம்மதம் வேண்டியதில்லை! இறந்தபின் செல்லும் உரிமை இருக்கும்போது செல்லாதாம். கணவன் தன் முதுசத்தை விற்கையில் மனைவியின் ஒப்பத்தைக் கேட்பாருமில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த பெண்களுக்கு 1923இல் இத்தளை நீங்கியது. நம்மை அச்சட்டம் தொடவில்லை.

இவ்விதி பெண்ணுக்குக் காவல் என்பார் உளர். யாழ்ப்பாணப் பெண், தேசவழமைக்கு உட்படாத மட்டக்களப்புத் தமிழரை மணந்தால், அம்மணவாழ்வு நிலைக்கும்வரை அச்சட்டம் அவளைக் கட்டாது. அப்பொழுது மட்டும் அவளுக்கு அறிவு வந்துவிடுகிறதா?

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறினோம். போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. பற்றை வெட்டவும், கிணறு இறைக்கவும், வீடு எழுப்பவும் பணம் வேண்டும். காணியை ஈடு வைக்கலாம், கணவன் காணாமலாக்கப்பட்டவனாயின்? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறுக என்றது சட்டம். வழக்குச் செலவுக்குக் காசிருந்தால் ஈடு எதற்கு?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால்வேற்றுமை கூடாதென்றது. 16ஆம் உறுப்புரையோ, அதற்கு முரணான பழைய சட்டங்களும் செல்லும் என்றது. ஆயினும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆணுக்கிருந்த வாரிசு முன்னுரிமை 2022இல் அகற்றப்பட்டது. அரச காணிக்கு இயன்றது நம் சீதனக் காணிக்கு இயலாதோ?

தேசவழமை தமிழரின் தனியுரிமை, அதைத் தொடலாகாது என்போருக்கு ஒரு வார்த்தை: 1911இலும் 1947இலும் தொட்டார்களே, அதனால் தமிழினம் அழிந்ததா? கொழும்பிடம் உரிமை கேட்கும் நாம், நம் மனைவியரிடம் உரிமைக்குக் கையொப்பம் கேட்பது பொருந்துமா? எத்திருத்தம் வரினும், ‘கணவனின் எழுத்துமூலச் சம்மதம்’ என்னும் சொற்களை விட்டுவைத்தால் அது திருத்தமன்று. வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் பிரதிநிதியிடம் இதை முதலிற் கேளுங்கள்.