பரணில் இருக்கும் லேப்டாப்பைக் கீழே இறக்குங்க

(சோழபுரத்தில் இளைஞர்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



முதல்ல ஒரு கேள்வி. உங்க வீட்டுப் பரணிலோ பீரோ மேலேயோ பழைய லேப்டாப் ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கா? மூடியில் அரசு முத்திரை இருக்கிற லேப்டாப்பாகக்கூட இருக்கலாம். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலம் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கினார்கள். நானும் பிளஸ் டூவில் ஒண்ணு வாங்கினேன். இதழியல் படிக்கும்போது என் முதல் கட்டுரையை அதில்தான் தட்டச்சு செய்தேன்.

இன்னிக்கு எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் கட்டலாம். அப்புறம் லேப்டாப் எதுக்கு?

இதே சோழபுரத்தில் இருக்கிற என் சித்தி மகள் பி.காம் முடிச்சவ. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவு வேலைக்குப் போனப்ப, "எக்ஸெல் தெரியுமா?"ன்னு கேட்டிருக்காங்க. போனில் பார்த்துக் கத்துக்கிட்டது கை கொடுக்கல. "வீட்ல லேப்டாப் இருக்கேடி?"ன்னு கேட்டேன். "அது ஓடாதுக்கா. ஆன் ஆகவே பத்து நிமிஷம், நெட்டும் வராது. கடையில போர்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க"ன்னா.

இறக்கிப் பார்த்தோம். போர்டு போகல. போனது ஒரு நாணய அளவு பேட்டரி!

தேதி தப்பானால் இணையம் வராது

லேப்டாப்புக்குள்ளே சிஆர் 2032 போன்ற சின்ன வட்ட பேட்டரி இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது தேதியையும் நேரத்தையும் காப்பாத்துறது அதுதான். அது தீர்ந்துட்டா, ஆன் பண்ணும்போது தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொண்ணுக்கும் குறிப்பிட்ட தேதி வரை செல்லும் ஒரு டிஜிட்டல் சான்று உண்டு. உங்க கணினித் தேதி அதோடு ஒத்துப்போகலைன்னா, 'இணைப்பு பாதுகாப்பானதல்ல'ன்னு பிரௌசர் தடுத்துடும். நாம நெட் போச்சுன்னு நினைப்போம். அதனால முதல்ல திரையின் மூலையில் தேதியைப் பாருங்க. சரி செஞ்ச தேதி மறுபடி மறுபடி பின்னாடி போனா, அந்தச் சின்ன பேட்டரியை மாத்தணும்.

ஆன் ஆகவே இல்லையா?

சார்ஜரைக் கழற்றுங்க. பேட்டரி தனியாக வருமென்றால் அதையும் எடுத்துடுங்க. பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடிங்க. பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் பண்ணுங்க. ஓடினால், பெரிய பேட்டரி மேல் சந்தேகப்படலாம்.

விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது, திரை மட்டும் இருட்டா? செல்போன் டார்ச்சைத் திரை மேல் சாய்வாக அடிங்க. மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்கில் கோளாறு. இல்லைன்னா எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைச்சுப் பாருங்க. டிவியில் படம் வந்தால் போர்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அங்கேயும் வரலைன்னா, ரேமைக் கழற்றித் துடைச்சுத் திரும்பச் சொருகச் சொல்லுங்க. பல நேரம் அதிலேயே சரியாயிடும்.

சூடாகி அணையுதா? நம்ம பக்கம் மில்லும் தறியும் அதிகம். பஞ்சுத் தூசு ஃபேனை அடைச்சுக்கும். சுத்தம் செஞ்சு, பிராசஸர் மேல் புது தெர்மல் பேஸ்ட் வைக்கச் சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

எதை மாத்தினால் வேகம் வரும்?

பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 முறை சுத்துற தட்டு ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு கோப்பையும் அதில் தேடித்தான் எடுக்கணும். எஸ்எஸ்டியில் சுத்துற பாகமே கிடையாது. அதனால எஸ்எஸ்டி போடுவதுதான் பெரிய மாற்றம் தரும். பெரும்பாலான பழைய லேப்டாப்களுக்கு 2.5 அங்குல சாட்டா வகை பொருந்தும். அடுத்தது ரேம். 2 ஜிபி இன்னிக்குப் போதாது. போர்டு ஏத்துக்கும் என்றால் 4 அல்லது 8 ஜிபி ஆக்கலாம். வாங்கும் முன் டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ, டிடிஆர்4-ஆன்னு பார்த்துக்கோங்க. மாத்தி வாங்கினால் வேலை செய்யாமல் போகலாம்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020-லேயே முடிஞ்சது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிஞ்சுது. பல பழைய லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அதுக்காகத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இருக்கு. அரசு தந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கா? அந்தக் குடும்பம்தான். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் சரியா வருதான்னு தெரிஞ்சுக்கிட்டுப் பதியலாம். கணக்குத்தாள் பயிற்சிக்கு லிப்ரே ஆபிஸ் இலவசம்.

ஆனால், முதல் வேலை இது

எதைத் தொடும் முன்னும் உள்ளே இருப்பதை நகல் எடுங்க. டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க; விவரம் தெரிஞ்சவரிடம் கொடுத்து உடனே நகல் எடுங்க. லேப்டாப்பே ஓடலைன்னாலும், டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் படிக்க முடியும். பாஸ்வேர்டு மறந்திருந்தாலும் பெரும்பாலும் படிக்கலாம்.

இதையே திருப்பி யோசிங்க. உங்களால் முடியும்னா, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினவராலும் முடியும். உங்க ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகப் படம் எல்லாம் அதில் இருக்கு. வெறும் 'டெலிட்' போதாது. விண்டோஸ் ரீசெட் செய்யும்போது டிரைவை முழுசாச் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்க, இல்லைன்னா டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வச்சுக்கோங்க.

போர்டு நிஜமாவே போயிருந்தால், செலவைக் கேட்டு, புது லேப்டாப் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்க. ஒரே கடையின் வார்த்தையை மட்டும் நம்பாதீங்க. தேறாது என்றால் குப்பையில் போடாமல், பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்க.

என் சித்தி மகளின் லேப்டாப்பில் சின்ன பேட்டரி, எஸ்எஸ்டி, கூடுதல் ரேம் மூணும் போட்டோம். பெரிய பேட்டரி இன்னும் மாத்தல. கரண்ட் போனா அணைஞ்சிடும். அதனால அடிக்கடி சேவ் பண்ணிக்கிறா. வேலை கிடைச்சுதான்னு கேட்காதீங்க, தேடிக்கிட்டுதான் இருக்கா. ஆனா "எக்ஸெல் தெரியுமா?"ன்னு யாராவது கேட்டா, இனி அவ தலை குனிய வேண்டியதில்லை.

இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பாருங்க.