ஸவுண்ட்ஸ்! – ஒரு வியப்புச் சொல்லின் கதை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பழைய ஆங்கில நாடகங்களிலே ஒருவனுக்குத் திடீரென்று வியப்போ கோபமோ வந்தால், "ஸவுண்ட்ஸ்!" என்று கத்துவான். "என்ன சார், சத்தத்தையா சொல்றான்?" என்று கேட்பீர்கள். ஓசையைக் குறிக்கும் சவுண்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அகராதியைப் புரட்டினால் 'பழங்கால வியப்புச் சொல்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். நாமும் மூடி வைத்துவிடுவோம். ஆனால், கதையே அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

'காட்ஸ் வூண்ட்ஸ்' என்பதன் சுருக்கமே இச்சொல். ஆண்டவனின் காயங்கள் என்பது பொருள். சிலுவையிலே ஏசுநாதர் பட்ட காயங்களின் மேல் ஆணையிடுவது அக்கால ஆங்கிலேயர் வழக்கம். நாம் 'சாமி சத்தியமா' என்கிறோமே, அது போல. ஆனால், தொட்டதற்கெல்லாம் கடவுள் பெயரை இழுப்பது பாவமாயிற்றே! ஆகவே 'காட்' என்பதை விழுங்கிவிட்டு, அதன் வால் ஓசையை மட்டும் 'வூண்ட்ஸ்' உடன் ஒட்டிச் சொன்னார்கள். 'காஷ்', 'கோலி' என்கிறார்களே, அவையும் 'காட்' என்ற சொல்லுக்கு மாட்டிய முகமூடிகளே.

இது நமக்குப் புதிதா? "ராத்திரியிலே பாம்புன்னு சொல்லாதே, பூச்சின்னு சொல்லு" என்று நம் பாட்டிமார் அதட்டியதில்லையா? அஞ்சுவதற்கும் மதிப்பதற்கும் மாற்றுப் பெயர் வைப்பது மனித இயல்பு.

1606ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஒரு சட்டம் வந்தது. நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுன் அபராதம்! அன்றைக்கு அது பெருந்தொகை. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' 1622இல் தனி நூலாக அச்சானபோது 'ஸவுண்ட்ஸ்' அதில் இருந்தது. மறு ஆண்டு, 1623இல், அவருடைய நாடகங்களின் பெருந்தொகுப்பு வந்தபோது அதே நாடகத்தில் அச்சொல் நீக்கப்பட்டிருந்தது.

காலம் போகப் போக அச்சமும் போயிற்று. பெரியவர்கள் நடுங்கிய சொல், இன்று படக்கதையிலும் வேடிக்கை நாடகத்திலும் வரும் சிரிப்புச் சொல்லாகிவிட்டது. ஆகவே, உங்கள் ஆங்கிலக் கட்டுரையிலே அதை எழுதிவிடாதீர்கள், படிப்பவர் சிரிப்பார்!

மாணவச் செல்வங்களே, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காதில் விழுந்த ஆங்கிலச் சொற்களைத் தாத்தா பாட்டி முன்னே அப்படியே கொட்டிவிடுகிறீர்கள். அவற்றில் சில, பிறர் மனத்தைப் புண்படுத்தும் வசைகள். சொல்கிற உங்களுக்கும் தெரியாது, கேட்கிற அவர்களுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் கேட்டால் வெட்கம் யாருக்கு? அப்பா அம்மாவுக்குத்தானே!

எந்த மொழிச் சொல்லாயினும் அதன் பிறப்பையும் இடத்தையும் அறிந்து பேசுங்கள். இன்று பரிசாகப் பெறும் புத்தகத்திலே புரியாத சொல் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். அகராதியைப் பாருங்கள், அது போதாவிட்டால் ஆசிரியரைக் கேளுங்கள். கேட்பதற்கு அபராதம் கிடையாது!

பரிசு பெறுவோர்க்கு என் பாராட்டு. அடுத்த ஆண்டு பெறப் போவோர்க்கு என் வாழ்த்து.