எரிமலை மூடிய நூலகம்

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் வளைகுடாவை அடுத்து நிற்கும் வெசூவியஸ் மலை கி.பி. 79 ஆம் ஆண்டிற் பொங்கியபொழுது, பொம்பெயி நகரம் சாம்பலுள் அமிழ்ந்த செய்தியைக் கேட்டறியாதார் அரியர். அதன் அயலிலே கடலோரமாக இருந்த ஏர்க்குலேனியம் என்னும் சிறு நகருக்கு நேர்ந்த கதி அத்துணை பேசப்படுவதில்லை. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த பெருவெள்ளம் அந்நகரின்மேற் பாய்ந்து, ஏறக்குறைய 20 மீற்றர் கனத்துக்கு இறுகிக் கல்லாயிற்று.

1750 ஆம் ஆண்டளவில் அந்தக் கல்லினூடே சுரங்கம் வெட்டிச் சென்றோர் பெரியதொரு மாளிகையைக் கண்டனர். யூலியஸ் சீசரின் மாமனாராகிய பைசோ என்பாரின் மாளிகை அது என்பது பலர் துணிபு. 1752 ஆம் ஆண்டு தொடக்கம் அதனுள்ளே கரிக்கட்டைகள் போன்ற உருளைகள் கிடைக்கலாயின. அவை கரியென்றே முதலில் எண்ணப்பட்டன. சில எறியப்பட்டும் போயின. பின்னரே அவை பப்பைரஸ் நாணலினால் இயன்ற நூற்சுருள்கள் என்பது புலனாயிற்று. முழுச் சுருள்களும் துணுக்குகளுமாக 1,800 அளவில் அங்கிருந்து எடுக்கப்பட்டன. பண்டைக் கிரேக்க, உரோம உலகிலிருந்து தான் இருந்த இடத்திலேயே நமக்கு எஞ்சிய நூலகம் இஃதொன்றே. எரித்த நெருப்பே அதனைக் காத்தும் வைத்தது. நெருப்புப் படாதிருந்தால் அந்த ஈர மண்ணில் நாணலேடு என்றோ உக்கியிருக்கும்.

காத்தது சரி, வாசிப்பது எங்ஙனம்? வத்திக்கான் நூலகத்திலிருந்து அழைக்கப்பட்ட அந்தோனியோ பியாஜியோ என்னும் துறவி பட்டு நூல்களைக் கட்டிச் சுருளை மெல்ல மெல்ல இழுத்து விரிக்கும் பொறியொன்றை அமைத்தார். ஒரு சுருள் விரிய ஆண்டுகள் சில சென்றன. பொறுமை குறைந்த வேறு சிலர் சுருள்களைக் கத்தியாற் பிளந்தனர். புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவி 1819 ஆம் ஆண்டளவில் இரசாயனப் பொருள்களைக் கொண்டு முயன்று, சிறிதளவே வெற்றி கண்டு திரும்பினார். விரித்த ஒவ்வொரு சுருளும் எதையோ தந்தது; எதையோ என்றென்றைக்குமாக அழித்தது. இதனால், திறவாத பல நூறு சுருள்களை இனித் தொடுவதில்லை என்று அறிஞர் அடங்கினர். சில சுருள்கள் நெப்போலியனுக்குப் பரிசாய்ச் சென்று பரிஸ் நகரிலும், வேறு சில இங்கிலாந்துக்குச் சென்று ஒக்ஸ்போட்டிலும் தங்கின.

இங்குள்ள சிக்கலை நேயர்கள் எளிதில் உணரலாம். கரியினால் எழுதிய கடுதாசியொன்றைச் சுருட்டி, அடுப்பிலிட்டு அதனையும் கரியாக்கி, பின் விரியாமலே வாசிக்கச் சொன்னால் என் செய்வது? அக்காலத்தார் மையும் கரி. சுருளும் இன்று கரி. எக்ஸ் கதிர் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. அமெரிக்காவிலுள்ள கெந்தக்கிப் பல்கலைக்கழகத்துக் கணினிப் பேராசிரியர் பிரென்ற் சீல்ஸ், இஸ்ரேலிய நாட்டு எங்கெடி என்னுமிடத்தில் 1970 இற் கிடைத்த கரிந்த சுருளொன்றை, அதனைத் தொடாமலே, எக்ஸ் கதிர்ப் படங்களைக் கணினியில் விரித்து வாசித்து, அது எபிரேய வேதத்தின் லேவியராகமம் என்று காட்டினார். அதன் மையில் உலோகம் கலந்திருந்தமை அவருக்கு வாய்ப்பாயிற்று. ஏர்க்குலேனியத்துச் சுருளுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. எனினும் 2019 இல் ஒக்ஸ்போட்டுக்கு அணித்தாயுள்ள டயமண்ட் என்னும் துகள்முடுக்கி நிலையத்தில் அவர் பரிஸ் சுருள்களை மிக நுண்ணிதாகப் படம்பிடித்தார்.

அதன்பின் அவர் செய்ததே இப்பொருளில் முதன்மையானது. ஆராய்ச்சியாளர் தாம் திரட்டியதைத் தம் பெட்டிக்குள் பூட்டி வைப்பது உலக வழக்கம். சீல்ஸ், நற் பிரீட்மன், டானியல் குரோஸ் என்னும் இரு தொழில்துறையாளரோடு கூடி, 2023 மார்ச் மாதத்தில் அப்படங்களையும் கணினி நிரல்களையும் யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். 'வெசூவியஸ் அறைகூவல்' என்பது அம்முயற்சியின் பெயர். ஆண்டு முடிவதற்குள் ஒரு சுருளில் 140 எழுத்துக்களுக்குக் குறையாத நான்கு பகுதிகளை வாசித்துக் காட்டுவோர்க்கு 7 இலட்சம் டொலர் தலைப்பரிசு. பெரும்பரிசை நாடுவோர் தம் கண்டுபிடிப்பை ஒளிப்பர் அன்றோ? அதற்கும் வழி வகுத்தனர்: இடையிடையே சிறு பரிசுகள் வழங்கி, அவற்றைப் பெற்றோர் தம் முறையை எல்லார்க்கும் வெளிப்படுத்தவேண்டும் என விதித்தனர். பரிசுத்தொகையைக் காட்டிலும் இந்த விதியே அறிவுடையது எனலாம்.

முதலிற் கண்டது கணினியன்று, மனிதக் கண். கேசி ஹான்ட்மர் என்னும் பௌதிகவியல் கற்ற ஒருவர் அப்படங்களை மணிக்கணக்காக உற்றுநோக்கி, மை காய்ந்த இடத்தில் வெடித்த சேறு போன்ற மெல்லிய வரிகள் இருப்பதைக் கண்டறிந்தார். நெப்ராஸ்காவில் 21 வயது மாணவனாயிருந்த லூக் பாரிற்றர் அவ்வரிகளை இனங்காணக் கணினிக்குப் பயிற்சி அளித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஒரு சொல் வெளிப்பட்டமை அறிவிக்கப்பட்டது: 'போர்பிராஸ்', அதாவது ஊதாநிறச் சாயம், அல்லது அந்நிற ஆடை. பேர்லினிற் பயின்ற எகிப்தியர் யூசெப் நாதர் வேறொரு முறையால் அதே சொல்லை இன்னும் தெளிவாகக் கண்டார்.

கணினி தான் விரும்பியதைக் கற்பித்துக் காட்டாது என்பதற்கு என்ன உறுதி என்று ஐயுறுவோர் உளர், அவ்வையம் நியாயமானதே. கிரேக்க எழுத்தின் வடிவம் அக்கருவிக்குக் கற்பிக்கப்படவில்லை. ஓர் எழுத்தினும் சிறிய பரப்பை மாத்திரம் நோக்கி, இங்கு மை உண்டு, இங்கு இல்லை என்பதையே அது கூறும். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குதலும், சொல்லுக்குப் பொருள் காணுதலும், சிதைந்த இடத்தில் நின்றிருக்கத்தக்கது யாது எனத் துணிதலும் பப்பைரஸ் ஏடுகளிற் பழகிய மொழியறிஞரின் பணியாயின. அவர்கள் தனித்தனியே வாசித்துப் பின் ஒப்புநோக்கினர். கிரேக்கமும் இலத்தீனும் கற்று யாது பயன் என்று வினவுவோர் இதனைச் சற்றே எண்ணிப்பார்த்தல் நன்று.

2024 பெப்ருவரியிற் தலைப்பரிசு நாதர், பாரிற்றர், சுவிற்சர்லாந்து மாணவர் யூலியன் ஷில்லிகர் ஆகிய மூவர்க்கும் கிடைத்தது. முன்னர்த் தனித்தனியே முயன்ற அவர்கள் இறுதியில் ஒன்று கூடியிருந்தனர். அவர்கள் காட்டியது 15 பத்திகள், 2,000 க்கு மேற்பட்ட எழுத்துக்கள். அச்சுருளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு. அதன் ஆசிரியர் எபிக்கியூரஸின் வழிவந்த பிலோடெமஸ் ஆகலாம் என்பது அறிஞர் கருத்து. இன்பத்தைப் பற்றியது அந்நூல். உணவையும் இசையையும் எடுத்துக்காட்டி, அரிதாய்க் கிடைக்கும் பொருள் மலிவாய்க் கிடைப்பதிலும் மிக்க இன்பம் தருமோ என்று அது ஆராய்கின்றது. அப்படியன்று என்பதே ஆசிரியர் கொள்கை போலும்.

சாபோவின் மறைந்த பாடல்களும் லிவியின் இழந்துபோன வரலாறும் வெளிவரும் என ஆவலுற்றிருந்தோர்க்கு இது சற்று ஏமாற்றமாய் இருந்திருக்கலாம். பிலோடெமஸ் பெரும் புலவருள் வைத்து எண்ணப்படுபவர் அல்லர். ஆயினும், 1,900 ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரும் வாசியாத பக்கத்தில் மனிதன் ஒருவன் உணவையும் இசையையும் பற்றி வாதாடிக்கொண்டிருக்கின்றான். இதற்கு மேலும் வேண்டுமென்பது பேராசையே. அன்றியும் அம்மாளிகையின் ஒரு பகுதி இன்றும் அகழப்படாமல் மண்ணுள்ளே கிடக்கின்றது. அங்கே இன்னும் நூல்கள் இருத்தல் கூடுமென்று கருதி, அதனைத் தோண்டவேண்டுமென்று சிலரும், உள்ளதைப் பேணாமற் புதியதைத் திறப்பது தகாதென்று சிலரும் வழக்காடுகின்றனர்.

2025 மே மாதத்தில் ஒக்ஸ்போட்டுச் சுருள் ஒன்றின் தலைப்பும் புலப்பட்டது: பிலோடெமஸ் இயற்றிய 'தீயொழுக்கங்கள் பற்றி' என்னும் நூல். அக்காலத்து நூல்களின் பெயரை இறுதியிலே, சுருளின் உள்மையத்திலே எழுதும் வழக்கமும் உண்டு. ஆகவே இந்நூலின் பெயர் வாசகர்க்கு எட்டியது அதன் கடைசிப் பக்கத்திலிருந்தே ஆயிற்று.