உள்ளங்கையை விரியுங்கள்!



உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சோழர் காலத்துச் சனநாயகம் என்று மெச்ச நான் வரவில்லை. நிலமும் வீடும் உள்ளவர்களுக்குள், சபைக்கு ஆள் எடுக்க நடந்த குலுக்கலைச் சொல்வது அது. ஆனால் அதிலே ஒரு விதி இருக்கிறது, கேளுங்கள். சிறுவன் குடத்திலிருந்து எடுத்துத் தரும், பெயர் எழுதிய ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். சபை கேட்க வாசிக்க வேண்டும். அவரைத் திருடர் என்று யாரும் சொல்லவில்லை. யோக்கியரே ஆனாலும் கையை மூடக் கூடாது!

இன்று நம் வாக்குப்பதிவு இயந்திரத்தின் கை மூடியிருக்கிறது. எந்தப் பொத்தானுக்கு எது பதிவாக வேண்டும் என்று அதற்குக் கட்டளையிடும் மூலநிரல், அதாவது சோர்ஸ் கோட், நமக்குக் காட்டப்படுவதில்லை. அதைத் தணிக்கை செய்யக் கேட்ட மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியிட்டால் ஹேக் செய்துவிடுவார்கள் என்று நீதிபதிகளுக்குக் கவலை. உள்ளமைப்பு வெளியே தெரிந்ததும் உடைந்துபோகும் பூட்டை வீட்டுக்கே யாரும் வாங்க மாட்டோம், நாட்டுக்கு வாங்குவோமா?

அமெரிக்காவின் சரசோட்டாவில் 2006இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நடந்த தேர்தலில், தொடுதிரையில் வாக்களிக்க வந்தவர்களில் சுமார் 18,000 பேருக்கு அந்தப் பதவிக்கான ஓட்டே பதிவாகவில்லை. வெற்றி வித்தியாசமோ 369! தோற்ற கிறிஸ்டின் ஜென்னிங்ஸ் மூலநிரலைக் கேட்டு வழக்குப் போட்டார். அது கம்பெனியின் வணிக ரகசியம் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. மக்கள் போட்ட ஓட்டு, கம்பெனியின் சொத்தா? பின்னால் அரசு நடத்திய சோதனைகளில் இயந்திரக் கோளாறு நிரூபணமாகவில்லை. திரும்ப எண்ணிப் பார்க்கத்தான் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

ஜெர்மனியில் ஒரு தந்தையும் மகனும் வழக்காடினார்கள். 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், 2005 தேர்தலில் இயந்திரங்களைப் பயன்படுத்திய விதம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. மோசடி நடந்ததென்று சொல்லவில்லை. தேர்தலையும் ரத்து செய்யவில்லை. தொழில்நுட்பம் தெரியாத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நானும் இங்கே மோசடி நடந்ததென்று சொல்லவில்லை. என்னிடம் ஆதாரம் இல்லை. நடக்கவில்லை என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. என் வழக்கு அதுதான்!

மூலநிரலைத் திறந்தால் வல்லுநர் படிப்பார். சந்தையில் கீரை விற்கும் அம்மா எதைப் படிப்பார்? ஓட்டுப் போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி தெரிந்து மறையும் அந்த விவிபேட் சீட்டைப் படிப்பார். இன்றியமையாதது என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொன்ன காகிதச் சான்று அது. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000க்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகள். சட்டமன்றத் தொகுதிக்கு 5 வீதம், சீட்டு எண்ணியது 1,170இல் மட்டும்! முழுவதையும் எண்ணக் கேட்ட வழக்கும் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே தோற்றது.

ஒவ்வொரு தேர்தலிலும் சீட்டு அச்சாகிறது. பெட்டியில் விழுகிறது. தேர்தல் ஆணையமே, மூலநிரலைச் சுதந்திரமான வல்லுநர்களிடம் கொடு! அத்தனை சீட்டையும் எங்கள் கண்முன்னே எண்ணு!