ஏட்டில் ஏற வேண்டிய பெயர்கள்



இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணியைப் போற்றும் இந்நாளில், நம்முள் படித்து உயர்ந்தவர் யார், எவ்வாறு படித்தனர் என்பதை எழுதி வைத்திருக்கிறோமா என்ற வினாவை முன்வைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ராபர்ட் டெய்லர். 1892இல் கட்டடக்கலை பயின்று வெளிவந்த அவர், டஸ்கீகி கல்வி நிலையத்தின் கட்டடங்களை வரைந்தார். மாணவர்களே செங்கல் அறுத்து அவற்றை எழுப்பினர். அக்கழகத்துக் கறுப்பினத்தாரின் வரலாற்றைத் திரட்டும் பணியைக் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் 1995இல் தொடங்கினார். எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகள் 2001இல் நூலாயின.

நம் மாநிலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. பிற்காலத்தில் வகுப்புவாரி அரசாணையின்படி, பொறியியற் கல்லூரிகளில் பதினான்கு இடங்களுக்கு இரண்டு நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டன. அவ்வாணை செல்லாதென 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வழியைத் திறந்தது. வழக்குத் தொடுத்தோரின் பெயர்கள் சட்ட நூல்களில் நிலைத்துவிட்டன. அவ்விரண்டு இடங்களில் அமர்ந்த நம் பிள்ளைகளின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பண்டிதர் அயோத்திதாசர் 1907 முதல் 1914இல் மறையும்வரை நடத்திய இதழில் எழுதியவை பெருந்தொகுப்பாக வெளிவந்தது 1999இல்தான். எண்பத்தைந்து ஆண்டுகள்! இவ்விடைவெளியில் இழந்தவை எத்தனையோ!

நமது டோல்கேட்டில் மூட்டை சுமந்தவரின் மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்ததும், மீன் கூடை சுமந்தவரின் மகள் பாலிடெக்னிக் சென்றதும் வரலாறே. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. தோளில் சுமக்கும் தொழில் சுருங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அங்கெல்லாம் உழைத்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளுடன் நெடுங்காலம் பழகியவர்கள் நாம். மாணவன் நீங்கிய தேதி அதில் இருக்கும். கட்டணம் கட்ட இயலாமல் நீங்கினானா, சாதி சொல்லி இழிவுபடுத்தியதால் நீங்கினானா என்பது இராது. அதனை அவன் வாயால் கேட்டே எழுத வேண்டும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். சங்கம் தனியே ஒரு பேரேடு தொடங்கட்டும். மாணவர்கள் வீடுதோறும் சென்று பெரியோரைக் கேட்டு, அவர்தம் இசைவுடன் எழுதட்டும். வென்றவரோடு, பாதியில் நின்றவரும் அதில் இடம்பெறட்டும். பட்ட அவமதிப்பும், உதவிய கைகளும் பதிவாகட்டும்.

பொன்விழா காணும் நம் பேரப்பிள்ளைகள், தம் முன்னோரைப் பிறர் நூலில் தேடி அலையாதிருக்க இதுவே வழி.