நிக்க வச்சு எடுத்த எக்ஸ்ரே

(தேவாரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் குறிப்பிடவில்லை.)

எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. குழுவுல சந்தாப் பணம் எண்ணும்போது பேசுறதோட சரி. ஆனா இந்த விஷயத்தை நீங்க தெரிஞ்சுக்கணும்னு தலைவி அக்கா சொன்னதால வந்தேன்.

பதினாறு வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் போனவ நான். விடியறதுக்கு முன்னால சோத்துத் தூக்கோட ஜீப்புல ஏறி, போடிமெட்டு வழியா மேல போய், பொழுது சாய வீடு திரும்புற பொழப்பு. உங்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு ஆடி மாசம், சாரல் மழையில சரிவுல இறங்கும்போது வேருக்குள்ள கால் மாட்டிக்கிச்சு. கால் அங்கேயே நிக்க, உடம்பு முன்னால சாஞ்சிருச்சு. பாதத்துக்கு நடுவுல 'சடக்'குன்னு ஒரு சத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேசையில படுக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. "எலும்பு முறியல, சுளுக்குதான்"னு சொல்லி கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தாங்க. எனக்கும் சந்தோசம். உள்கடன் தவணை பாக்கி இருந்துச்சு, சீசன் நேரம் வேற. நாலு வாரத்துல மறுபடி ஜீப் ஏறிட்டேன். தினமும் வலி. சாயங்காலம் பாதம் வீங்கும். தைலம் தேச்சு, துணி சுத்திட்டுப் போனேன். "ஒண்ணுமில்லன்னு படத்துலயே தெரிஞ்சிருச்சே, உனக்கு என்ன?"ன்னு வீட்டுல கேட்டாங்க. நானும் என்னையே அப்படித்தான் கேட்டுக்கிட்டேன்.

கார்த்திகைக்குள்ள பாதத்தோட வளைவு தட்டையாயிருச்சு. அப்புறம் இன்னொரு ஆஸ்பத்திரியில காட்டினேன். அங்க எக்ஸ்ரே எடுக்கிற தம்பி, "அக்கா, எந்திரிச்சு இந்தப் படியில ரெண்டு காலையும் ஊனி நில்லுங்க"ன்னு சொன்னாப்ல. ரெண்டு பாதத்தையும் சேர்த்து எடுத்தாங்க. பெருவிரல் எலும்புக்கும் அடுத்த விரல் எலும்புக்கும் நடுவுல, அடிப்பக்கத்துல ஒரு இடைவெளி. நல்ல கால்ல அது இல்ல. எலும்பு உடையல, எலும்புகளைக் கட்டி வைக்கிற நார்தான் அறுந்திருக்கு. படுத்திருந்தப்ப எலும்பு ஒழுங்கா உட்கார்ந்திருச்சு. பாரம் இறங்கினதும் விலகிருச்சு.

இதுக்கு லிஸ்ஃப்ராங் காயம்னு பேரு. பிரான்சு தேசத்து அறுவை மருத்துவர் ஒருத்தரோட பேர். உங்க சீட்டுல இந்தப் பேர் இருந்தா சாதாரணமா நினைக்காதீங்க. ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி அதிகமானாலே கவனிக்கணும்னு டாக்டர் சொன்னார். இந்தக் காயம் வந்தவங்கள்ல ஐந்துல ஒருத்தர் வரைக்கும் முதல் தடவையில கண்ணுக்குத் தப்பிடுதாம். அதனால யாரையும் குறை சொல்ல நான் வரல.

இப்ப ஒரு சோதனை பண்ணுவோம். (பொருளாளரை நாற்காலியில் உட்காரவைத்து, பழைய செய்தித்தாளில் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, அதே பாதத்துக்கு வேறு நிறத்தில் கோடு போட்டார்.) பாருங்க, நிக்கும்போது போட்ட கோடு கொஞ்சம் நீளமாவும் அகலமாவும் இருக்கு. ஒரே கால்தான். ஒரு பாதத்துல 26 எலும்பு இருக்கு. பாரம் வந்ததும் எல்லாம் கொஞ்சம் விரிஞ்சு கொடுக்குது. காலி ஜீப்பைப் பார்த்தா எல்லா ஸ்பிரிங் பட்டையும் நல்லாத்தான் தெரியும். ஆள் ஏறின பிறகுதான் எந்தப் பக்கம் தாழுதுன்னு தெரியும். பாதமும் அப்படித்தான்.

"அடிபட்டவ எப்படி நிப்பா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். அதுக்கும் வழி வச்சிருக்காங்க. நாற்காலியில உட்கார வச்சு, பாதத்தைத் தட்டுல ஊனி, முழங்கால் மேல அமுக்கி எடுக்கலாம். படுத்த நிலைன்னா உள்ளங்கால்ல தட்டையான பலகையை வச்சு அழுத்தி எடுக்கலாம். நிக்கிற மாதிரி பாவனைதான். முழுசா நிக்கிறதுக்கு ஈடாகாது. அதனால அந்தப் படத்துல "உட்கார்ந்து அழுத்தி எடுத்தது"ன்னு குறிச்சிருக்கணும். அப்பதான் பின்னால பார்க்கிற டாக்டருக்குப் புரியும். பெரிய ஊர்கள்ல சில இடத்துல நிக்க வச்சே சி.டி. எடுக்கிற மெஷினும் வந்திருக்கு.

இதை வீட்டுல யாரும் அமுக்கிப் பார்க்கக் கூடாது. அடிபட்ட அன்னைக்கே "என்னை நிக்க வை"ன்னு அடம் பிடிக்கவும் கூடாது. எலும்பு முறிஞ்சிருந்தா இன்னும் கெட்டுப்போகும். டாக்டர்தான் முடிவு பண்ணணும். வலி தாங்கலைன்னா ஊனாம இருந்து, பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்வாங்க. அந்த ரெண்டாவது தடவைக்குத்தான் நாம போறதில்ல. நானும் போகல.

நாலு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

ஒண்ணு, அடிபட்ட ரெண்டொரு நாள்ல உள்ளங்கால்ல கருநீலமா ரத்தம் கட்டியிருந்தா, அது வெறும் சுளுக்குன்னு விடாதீங்க.

ரெண்டு, "ஒண்ணுமில்ல"ன்னு சொன்ன பிறகும் ஊனி நடக்க முடியலைன்னா மறுபடி போங்க. போய், "சார், நிக்க வச்சு ஒரு படம் எடுத்துப் பார்க்கணுமா?"ன்னு பணிவாக் கேளுங்க. கேக்கிறதுல தப்பு இல்ல. பழைய படத்தையும் கையோட கொண்டு போங்க.

மூணு, சர்க்கரை வியாதி இருக்கிறவங்களுக்குக் கால் மரத்துப் போயிருந்தா வலியே தெரியாது. பாதம் சூடா, சிவந்து, வீங்கியிருந்தா, வலி இல்லைன்னு நடக்காதீங்க. அன்னைக்கே காட்டுங்க.

நாலு, கர்ப்பமா இருந்தாலோ, நாள் தள்ளியிருந்தாலோ, எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு முன்னாலயே சொல்லிருங்க.

எனக்கு ஆபரேசன் பண்ணி, ஸ்குரூ போட்டு, எலும்புகளை ஒண்ணாச் சேர்த்துட்டாங்க. வலி போச்சு. ஆனா பாதம் முன்ன மாதிரி வளையாது. மேடு பள்ளம் ஏற முடியாது. மலைக்குப் போறது முடிஞ்சது. இப்ப போடியில உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போறேன். முன்ன எடுத்த காயைத்தான் இப்ப பிரிக்கிறேன். அப்பவே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னப்ப அழுதேன்.

நான் வேலைக்குப் போகாத அந்த அஞ்சு மாசமும் குழு எனக்குத் தவணை கேக்கல. தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளி வச்சாங்க. தவணைக்குப் பயந்துதான் புண்பட்ட காலோட மலை ஏறினேன்னு அன்னைக்கே வாயத் திறந்து சொல்லியிருந்தா, முதல் மாசமே இதைச் செஞ்சிருப்பாங்க. அதனால உங்க குழுவுல யாராவது நொண்டி நொண்டி வந்து சந்தா கட்டினா, பணத்தை எண்ணுறதுக்கு முன்னால அவ காலைப் பாருங்க.